அக்கி ஆறிய பிறகும் எரியும் வலி: வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: என் ஆத்தாவுக்கு வயது 67. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை இழுத்துப் பிடிப்பதுபோல் வலி வந்தது. வாயு என்று நினைத்து ஓம நீர் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. அக்கி என்று தெரிந்ததும் வேளாரை அழைத்து மூன்று நாள் காவி எழுதினோம். நான்காம் நாள் புதிதாகவும் கொப்புளங்கள் வந்ததால் மருத்துவரிடம் போனோம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை வீதம் ஏழு நாள் மாத்திரை கொடுத்தார். இப்போது எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது. ஆனால் வலி மட்டும் போகவில்லை. முந்தானை பட்டாலே துடிக்கிறார். இரவில் தூக்கமே இல்லை. "எல்லாம் ஆறிவிட்டதே, இன்னும் என்ன வலி" என்று அப்பச்சி (என் அப்பா) சலித்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி, அக்கியின் தலையும் வாலும் முதுகைச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார். வீட்டில் தம்பி மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. வலியைக் குறைக்க வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
- புதுவயலிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பச்சிக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆத்தா மிகைப்படுத்தவில்லை. தோல் ஆறியதைக் கண்ணால் பார்க்கிறோம். உள்ளே நரம்பு ஆறியதா என்று கண்ணுக்குத் தெரியாது. அக்கி என்பது தோலில் தெரிகிற நரம்பு நோய். கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவருக்கு வலி வந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தோலில் ஒன்றுமே இல்லாதபோது வந்த வலி, தோல் ஆறியதும் போய்விட வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்? அப்பச்சி பக்கத்தில் உட்கார்ந்து "எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது" என்று கேட்டாலே ஆத்தாவுக்குப் பாதித் தெம்பு வந்துவிடும். நம்பப்படாத வலி இரண்டு மடங்கு வலி. என் நோயாளிகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் ஆத்தாவுக்குச் சின்னம்மை வந்திருக்கும். அவருக்கே நினைவில்லாத அளவு லேசாகக்கூட வந்திருக்கலாம். அம்மை இறங்கி, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்தது என்று நாம் நினைத்தாலும் அந்தக் கிருமி உடலை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் ஐம்பது, அறுபது ஆண்டுகள் சும்மா கிடக்கும். வயது ஏறி எதிர்ப்பு சக்தி இறங்கும்போது, அந்த ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கொஞ்சம் கூடுதல். உடல் சூட்டாலோ, கோழிக் குழம்பாலோ, பல்லி எச்சத்தாலோ, யாருடைய கண்ணாலோ வந்ததல்ல. வெயில் காலத்தில் வந்தது என்பதற்காக வெயில் கொடுத்த நோயும் அல்ல.

ஆச்சியின் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து ஒவ்வொரு நரம்பும் உடலின் ஒரு பாதிக்கு மட்டுமே போகிறது. இடப்பக்க நரம்பு முன்பக்கம் நடு நெஞ்சோடும், பின்பக்கம் முதுகெலும்போடும் நின்றுவிடும். அதனால்தான் அக்கி அரைக் கச்சைபோல ஒரு பக்கத்தில் மட்டும் வந்து, நடுக்கோட்டில் வெட்டியதுபோல் நிற்கிறது. தலையும் வாலும் சேர்வதற்கு அதற்கு வழியே கிடையாது. எதிர்ப்பு சக்தி மிகவும் குன்றிய சிலருக்கு உடலெங்கும் பரவுவது உண்டு. அது வேறு நிலைமை, உடனே மருத்துவமனையில் பார்க்க வேண்டியது. ஆத்தாவுக்குப் பொருக்குத் தட்டிவிட்டதால் அந்தக் கவலை முடிந்தது. ஆச்சியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அந்தப் பேச்சு ஆத்தாவின் காதில் விழுந்தால் அன்றிரவும் தூக்கம் போச்சு.

காவி எழுதியதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நம் செட்டிநாட்டில் அக்கி எழுதாத வீடு குறைவு. செங்காவியைக் குழைத்துப் பூசும்போது குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சல் சற்று அடங்கும், பெரியவர் ஒருவர் வந்து கவனித்தார் என்கிற நிம்மதியும் கிடைக்கும். எழுதுகிற வேளார்களில் பலர் காசு கேட்காமல் பரம்பரைக் கடமையாகச் செய்கிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் வருத்தம் காவியைப் பற்றியதல்ல, கழிந்துபோகிற நாட்களைப் பற்றியது. கிருமியை அடக்கும் அசைக்ளோவிர், வலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள், கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். மூன்று நாள் எழுதி முடித்துவிட்டு நான்காம் நாள் மருத்துவரிடம் போவது என்பது நம் ஊர் வழக்கம். அந்த மூன்று நாளும் இந்த 72 மணி நேரமும் ஒன்றாகவே இருப்பதுதான் கொடுமை. காவி எழுதியவர்களுக்கெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடுகிறதே என்று கேட்பார்கள். எழுதாவிட்டாலும் தோல் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறும்.

உங்களுக்கு மாத்திரை கொடுத்த மருத்துவர் சரியாகவே செய்தார். மூன்று நாள் தாண்டியிருந்தாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் கொடுக்க வேண்டும். நீங்களும் ஏழு நாளும் விடாமல் கொடுத்திருக்கிறீர்கள். நடந்ததை நினைத்து உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அடுத்த முறை தெருவில் யாருக்காவது ஒரு பக்கமாகக் கொப்புளம் வந்தால், "முதலில் மாத்திரை, பிறகு வேண்டுமானால் வேளார்" என்று சொல்லுங்கள். எழுதினாலும் உடைந்த புண்ணின்மேல் படாமல் சுற்றிலும் எழுதட்டும்.

இனி வலிக்கு வருகிறேன்.

கிருமி போன வழியெல்லாம் நரம்பைக் காயப்படுத்தியிருக்கிறது. பழைய வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் மேலுறையை எலி கடித்துவிட்டால், சுவிட்சைத் தொடாமலே விளக்கு மினுக்கும் அல்லவா, அப்படித்தான் காயப்பட்ட நரம்பு காரணமே இல்லாமல் மூளைக்கு வலி வலி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. எரிச்சல், ஊசி குத்தல், மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு, இவையெல்லாம் அதன் குரல்கள். தோலில் காயம் இல்லாமலே முந்தானை உரசல்கூடத் தீயாகப் படுவது இதனால்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு, அது உங்களுக்கு உதவும். இந்த வலியில் மெல்லிய உரசல்தான் எதிரி. நிலையான, மிருதுவான அழுத்தம் பெரும்பாலும் எதிரியல்ல. உள்ளங்கையை விரித்து அந்த இடத்தில் மெதுவாக வைத்து, அசைக்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். பலருக்கு வலி சற்று அமரும். விரல் நுனியால் வருடினால் துள்ளுவார்கள். எனவே "தளர்வாக உடுத்துங்கள்" என்கிற பொது அறிவுரை இவருக்கு முழுதாகப் பொருந்தாது. ஆடி ஆடித் தோலில் படுகிற தளர்ந்த துணிதான் துன்பம் தரும். உடம்போடு ஒட்டி நிற்கிற, பல முறை துவைத்துப் பூப்போல் ஆன பருத்தி பனியன் ஒன்றை, தையல் விளிம்பு வெளிப்பக்கம் வரும்படி புரட்டிப் போட்டுவிடுங்கள். அதன்மேல் நைட்டியோ புடவையோ உடுத்தட்டும். கண்டாங்கிப் புடவையின் அடர்ந்த நெசவும் கனத்த கரையும் இப்போதைக்கு ஆகாது. ஆத்தாவுக்கு அதுதான் வழக்கம் என்றாலும் சில வாரம் பெட்டியில் இருக்கட்டும். ரவிக்கையின் கீழ்விளிம்பு சரியாக அந்த இடத்தில்தான் அழுத்தும் என்பதால் அதையும் தவிர்க்கலாம். மின்விசிறிக் காற்றுகூடச் சிலருக்கு எரியும். விசிறிக்கு நேர் கீழே படுக்க வைக்காமல் கட்டிலைச் சற்று ஒதுக்கிப் போடுங்கள்.

குளிர்ந்த துணி ஒற்றடம், வீட்டு மருத்துவத்தில் நான் முழு மனத்தோடு பரிந்துரைப்பது. பழைய வேட்டித் துணியைக் கொதிக்க வைத்து உலர்த்தி எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறிய நீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, நாலாக மடித்து அந்த இடத்தில் பரப்பி வையுங்கள். தேய்க்க வேண்டாம், எடுத்து எடுத்து ஒற்றவும் வேண்டாம். வைத்தபடி கால் மணி நேரம் இருக்கட்டும். எடுத்த பிறகு ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நாளுக்கு நான்கைந்து முறை செய்யலாம், குறிப்பாகப் படுக்கப் போகும் முன். பனிக்கட்டியை நேராக வைக்கக் கூடாது. மரத்த தோலில் அது சுட்டுவிடும். குளிர்ச்சியே தாங்காத நோயாளிகளும் உண்டு. ஆத்தா வேண்டாம் என்றால் அவர் சொல்வதுதான் சரி, அறைச் சூட்டில் உள்ள நீரை வைத்துப் பாருங்கள்.

பொருக்கு இன்னும் ஒட்டியிருக்கிற இடத்தில் வாசலின் மெல்லியதாகத் தடவி, ஒட்டாத துணி வைத்தால் இறுக்கமும் அரிப்பும் குறையும். காலமைன் அரிப்புக்கு நல்லது, ஆனால் நரம்பு வலிக்கு அதிகம் செய்யாது. பழைய காவி காய்ந்து பொருக்கோடு ஒட்டியிருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணி வைத்து ஊறவிட்டால் தானே வரும்.

குளிக்கலாமா என்ற சந்தேகம் எல்லா வீட்டிலும் வரும். அம்மை என்றால் தண்ணீர் ஊற்றும் நாள் வரை குளிக்கக் கூடாது என்ற பழக்கத்தை அக்கிக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். தினமும் குளிக்க வேண்டும். வெதுவெதுப்பு என்றுகூடச் சொல்ல முடியாத அளவுச் சூட்டில் நீர், காரமில்லாத சோப்பு, செம்பால் மெதுவாக ஊற்றுதல், துடைக்காமல் ஒற்றுதல். அவ்வளவுதான். வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறிய நீர் என்றால் தாராளமாக. வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசுவது மட்டும் வேண்டாம். காய்ந்து இறுகித் தோலை இழுக்கும், உரிக்கும்போது புண்ணாகும்.

செய்யக் கூடாதவை இன்னும் சில. மணல் ஒற்றடம், உப்பு ஒற்றடம், சுடுநீர்ப் பை எதுவும் கூடாது. சர்க்கரை நோயாளியின் தோலுக்குச் சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும். கற்பூரம் கலந்த தைலம், வலி நிவாரணக் களிம்பு தடவினால் எரிச்சல் பன்மடங்காகும். மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துத் தருகிற ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம். மிளகாயைப் பற்றியும் ஒரு வார்த்தை: மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருளைச் சேர்த்த களிம்பு, நாட்பட்ட நரம்பு வலிக்கு உண்மையாகவே பயன்படுகிறது. அதைக் கேள்விப்பட்டு யாராவது அம்மியில் மிளகாய் அரைக்கக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அளவிட்டுச் செய்த களிம்பு வேறு, அரைத்த விழுது வேறு. அந்தக் களிம்பும் தோல் முழுதாக ஆறிய பிறகு மருத்துவர் சொன்னால் மட்டுமே.

மாத்திரையில் பெரும்பாலோர் செய்கிற தவறு, வலி உச்சிக்கு ஏறும் வரை பொறுத்திருந்து பிறகு போடுவது. "முடிந்தவரை தாங்கிக்கொள்கிறேன்" என்று ஆத்தா சொல்வார். நம் வீட்டுப் பெரியவர்களின் குணம் அது. விடாதீர்கள். பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரையைக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள்: காலை, பிற்பகல், படுக்கப் போகும்போது. இரண்டு மாத்திரைக்கு இடையே ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். ஒரு நாளில் நான்கைத் தாண்டக் கூடாது. சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்லீரல் கோளாறு உள்ளவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. நாள்பட்ட சர்க்கரை நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கலாம். இவை அதை மேலும் கெடுக்கும்.

ஆனால் பாராசிட்டமால் மட்டும் இந்த வலிக்குப் போதாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நரம்பு வலிக்கென்றே தனி மருந்துகள் இருக்கின்றன: காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின். முந்தைய இரண்டும் வலிப்பு நோய்க்காகவும், கடைசியது மனச்சோர்வுக்காகவும் வந்தவை. கடைக்காரரோ, கைப்பேசியில் தேடிப் பார்த்த உறவினரோ "இது வலிப்பு மருந்து அல்லவா, இது மனநோய் மாத்திரை அல்லவா" என்று பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டாம். இவை காயப்பட்ட நரம்பின் துடிப்பை அடக்குகின்றன. ஆத்தாவுக்குத் தூக்கம் போய்விட்டது என்பதே, இதைத் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போய், "தோல் ஆறிவிட்டது, நரம்பு வலி இருக்கிறது, இரவில் தூங்கவில்லை" என்று மூன்றையும் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் கொண்டுபோங்கள். இந்த மருந்துகள் சிலவற்றின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது. இதயத் துடிப்புக் கோளாறு, கண் நீர் அழுத்தம், சிறுநீர் அடைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும். அமிட்ரிப்டிலின் அப்படிப்பட்டவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

இந்த மருந்துகள் போட்ட அன்றே வேலை செய்யாது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் பலன் புரியும். நான்கு நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்துவதும், குணமானதும் ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. தொடக்கத்தில் தலைசுற்றலும் மந்தமும் இருக்கும். இங்கேதான் நம் வீடுகளைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். முகப்பிலிருந்து வளவுக்கு, வளவிலிருந்து முற்றத்துக்கு, அங்கிருந்து பின்கட்டுக்கு என்று நிலைக்கு நிலை ஒரு நிலைப்படி, இறங்கினால் ஒரு படி. தண்ணீர் பட்டால் ஆத்தங்குடிக் கல் வழுக்கும். கழிப்பறையோ கடைசிக் கட்டில் இருக்கும். நடு இரவில் மாத்திரை மயக்கத்தோடு ஒரு மூதாட்டி இவ்வளவு தூரம் இருட்டில் நடக்கக் கூடாது. சில வாரங்களுக்கு ஆத்தாவின் படுக்கையைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள், வழி முழுதும் விளக்கு எரியட்டும், யாராவது ஒருவர் அருகில் படுங்கள். அக்கி வலி தீர்வதற்குள் இடுப்பு எலும்பு முறிந்து வருகிறவர்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தோல் முற்றிலும் ஆறி, பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகும் ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் எரிந்தால், 5 சதவீத லிக்னோகெயின் களிம்பு அல்லது ஒட்டுப் பட்டை உதவும். பட்டை என்றால் பன்னிரண்டு மணி நேரம் ஒட்டி, பன்னிரண்டு மணி நேரம் எடுத்துவிட வேண்டும். உடைந்த தோலில் கூடாது. வயதானவர்களுக்கு இது எனக்குப் பிடித்த மருத்துவம். மயக்கம் தராது, மற்ற மாத்திரைகளோடு பெரும்பாலும் மோதாது.

இரவில் வலி கூடுவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். பகலில் ஆள் நடமாட்டம், பேச்சு, வேலை என்று மனம் வேறு பக்கம் இருக்கும். இரவில் வலியும் அவரும் மட்டும்தான். எனவே பகலிலேயே ஆத்தாவைப் படுக்கையில் போட்டுவைக்காதீர்கள். வளவில் மெதுவாக நடக்கட்டும். கை பழகிய வேலை ஏதாவது கொடுங்கள். கொட்டான் பின்னத் தெரிந்தவர் என்றால் ஓலையை எடுத்துக் கொடுங்கள். விரலும் கண்ணும் ஒரு வேலையில் ஒன்றிவிட்டால் மூளை வலிக்குக் கொடுக்கிற கவனம் குறைகிறது. பின்னல் முடிந்தால் பேச்சுத் துணை, வானொலி, பேரப்பிள்ளையின் கதை. மாலை நான்கு மணிக்கு மேல் காபி வேண்டாம்.

பத்தியம் என்ற பெயரில் கஞ்சியும் ரசச் சோறும் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அக்கிக்குப் பத்தியம் கிடையாது. கத்தரிக்காய், முட்டை, மீன், கோழி எதுவும் அக்கியைக் கூட்டாது. புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் தினமும் இருக்கட்டும். கஞ்சி மட்டும் குடித்தால் சர்க்கரை ஒரு நேரம் ஏறும், சரியாகச் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் இன்னொரு நேரம் திடீரென்று இறங்கும். வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து சர்க்கரையை ஏற்றும் என்பதால் வாரம் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ளுங்கள். பலகாரம் செய்து பார்க்க வருகிற உறவினர்களிடம் கந்தரப்பத்தையும் பால் பணியாரத்தையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆத்தாவிடம் பேசிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

தம்பி மனைவியைப் பற்றி: அக்கியிலிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. ஆனால் சின்னம்மை வராத, அதற்கு ஊசியும் போடாத ஒருவர் கொப்புள நீரைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிக்கு அது நல்லதல்ல. எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டால் தொற்றும் கட்டம் முடிந்தது, இனி ஒரே அறையில் இருக்கலாம். கொப்புளம் இருந்த நாட்களில் அவர் புண்ணைத் தொட்டோ, துணியைத் துவைத்தோ இருந்தால், சின்ன வயதில் அம்மை வந்ததா என்று அவருடைய தாயாரிடம் கேளுங்கள். வந்திருந்தால் கவலை இல்லை. வரவில்லை அல்லது தெரியவில்லை என்றால், தொட்டு எத்தனை நாளாகிறது என்ற விவரத்தோடு தாமதிக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வீட்டு வைத்தியம் எதையும் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டிய நிலைகளும் உண்டு. அக்கி நெற்றியிலோ, கண்ணைச் சுற்றியோ, மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்குப் போகிற நரம்பு அது. அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் உடனே கிடைக்காவிட்டால் மதுரைக்குப் போயாவது பார்க்க வேண்டும். பார்வையே போகக்கூடும். காதில் கொப்புளம் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அப்படியே அவசரம். ஆத்தாவின் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை வேறு: ஆறிய இடம் மறுபடி சிவந்து சீழ் வைத்தல், காய்ச்சல், பிதற்றல், கடும் தலைவலி. இன்னொன்று மிக முக்கியம். அவருக்கு வலி இடது மார்புக்குக் கீழே. எப்போதாவது நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், இடது கை அல்லது தாடைக்கு வலி பரவுதல் என்று வந்தால், "அக்கி வலிதான்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு சத்தமில்லாமல் வரும். உடனே 108-ஐ அழையுங்கள்.

எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் ஆத்தா கேட்க நினைக்கிற கேள்வி. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் படிப்படியாகத் தணிந்துவிடும். மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடிப்பதைத்தான் அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறோம். அக்கி வந்தவர்களில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு அப்படி ஆகிறது. வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது. ஆத்தாவின் வயதுக்கும் தொடக்கத்தில் வந்த கடும் வலிக்கும் அதற்கான சாத்தியம் உண்டு என்பதால்தான் நரம்பு மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். நீடித்தாலும் மருத்துவம் இருக்கிறது. ஒரு மருந்து ஒத்துவராவிட்டால் இன்னொன்று, அதுவும் போதாவிட்டால் வலி மருத்துவ நிபுணர். "வயதானால் அப்படித்தான்" என்று யாராவது அனுப்பிவிட்டால் அடுத்த மருத்துவரைப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் தினமும் காலையும் இரவும் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஆத்தாவையே சொல்லச் சொல்லி எழுதிவையுங்கள். மருத்துவருக்கு அதைவிட உதவியான தகவல் இல்லை. எட்டு ஏழாகி, ஏழு ஐந்தாவதைப் பார்க்கும்போது ஆத்தாவுக்கும் நம்பிக்கை வரும்.

கடைசியாக அப்பச்சிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அக்கி வராமல் தடுக்க ஊசி உண்டு. ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம்; இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள். பெரிய ஆய்வுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதுகாப்புத் தந்திருக்கிறது. போட்ட கையில் வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் அசதியும் வரும். விலை அதிகம்தான், எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். முடிந்தவர்கள் தள்ளிப்போட வேண்டாம். ஆத்தாவும் இந்த நோய் முற்றிலும் தணிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம், ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வரக்கூடும். இப்போது இருக்கிற வலியை அந்த ஊசி குறைக்காது, அதற்காக அவசரப்பட்டுப் போட வேண்டாம். அடுத்த முறை ஆத்தாவை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது அப்பச்சியையும் கூட்டிப் போய், அவருக்கு இந்த ஊசி போடலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.